நன்கொடை உறுதியில் "மீளப்பெறமுடியாத" என்ற சொல்: வாசிக்கும் முறையும் எழுதும் முறையும்

பெற்றோர் தாம் உயிரோடிருக்கும்போதே பிள்ளைக்கு எழுதிக்கொடுக்கும் நன்கொடை உறுதியில், காணியின் எல்லைகளும் பரப்பும் சொல்லப்படும் இடத்துக்கு அருகே "மீளப்பெறமுடியாத நன்கொடையாக" என்றொரு தொடர் பெரும்பாலும் காணப்படும். சில நொத்தாரிசுமார் (உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்கள்) அதனை "இரத்துச்செய்ய முடியாத" என்றும், வேறு சிலர் "மாற்றமுடியாத" என்றும் எழுதுவர், நோக்கம் ஒன்றே. திருகோணமலை மாவட்டத்தின் உவர்மலையிலோ சாம்பல்தீவிலோ உள்ள வீட்டுவளவை மகளின் பெயருக்கு எழுத வந்த தாய், வடக்கெல்லை சரிதானா, அடையாள அட்டை இலக்கம் சரிதானா என்று கவனமாகக் கேட்பார். இந்தப் பெயரடையைப் பற்றிக் கேட்பவர் குறைவு. அந்த உறுதியில் அவருடைய எஞ்சிய வாழ்நாளை மிகுதியாகத் தொடுவது இச்சொல்லே ஆகையால், கையொப்பமிடுமுன் இதனை எவ்வாறு வாசிக்க வேண்டும், எப்போது எழுதுவிக்க வேண்டும், எப்போது எழுதாமல் விட வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன். தமிழ்நாட்டு வாசகர் இவ்வகைப் பத்திரத்தைத் தானப் பத்திரம், செட்டில்மென்ட் பத்திரம் என்ற பெயர்களில் அறிவர். அங்குள்ள சட்டம் வேறு. நான் சொல்வது இலங்கைச் சட்டத்துக்கே பொருந்தும்.

முதலில், இச்சொல் எதைத் தழுவி நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அது காணியைப் பற்றிய சொல் அன்று, கொடுத்தல் என்ற செயலைப் பற்றிய சொல். கொடுத்தவர் தாம் கொடுத்ததைத் தம் விருப்பப்படி திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்பதே அதன் முழுப் பொருள். பெற்றவர் அக்காணியை விற்கக்கூடாது, ஈடு வைக்கக்கூடாது, குடும்பத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்ற கருத்து அதில் சிறிதும் இல்லை. மகனுக்கு மீளப்பெறமுடியாத நன்கொடையாக எழுதினால் வளவு என்றென்றும் நம் குடும்பத்திலேயே நிற்கும் என்று நம்பிக் கையெழுத்திடும் பெற்றோர் இருக்கிறார்கள். உண்மை நேர்மாறானது: தாயின் கை கட்டப்படுகிறது, மகனின் கை கட்டப்படுவதில்லை. உறுதி நிறைவேறிய மறுநாளே அவர் அதனை விற்கலாம்.

இதனால் நிலைபேற்றைக் குறிக்கும் ஏனைய உறுதிச் சொற்களிலிருந்து இதனைப் பிரித்து அறிவது அவசியமாகிறது. "அறுதி" என்பது விலைக்கிரய உறுதிக்கு உரியது. விலையைப் பெற்றுக்கொண்டு, மீட்டுக்கொள்ளும் நிபந்தனை எதுவும் வைக்காமல் முற்றாக விற்றதை அது காட்டும். "பரம்பரை பரம்பரையாக", "பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு" என்னும் தொடர்கள் பழைய உறுதிகளில் காணியையே தலைமுறைகளுக்குக் கட்டிவைக்கும் நோக்கத்துடன் எழுதப்பட்டவை. அவ்வாறான கட்டுகளை 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் ஒழித்துவிட்டது. ஆகவே இன்று ஒருவர் அத்தொடர்களை எத்தனை அழுத்தமாக எழுதுவித்தாலும் பேரப்பிள்ளைகளுக்காகக் காணியைப் பூட்டிவைக்க இயலாது. "இறுதியானதும் முடிவானதும்" என்பது நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு உரிய தொடர். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டம் பிரிவினை வழக்கின் தீர்ப்பாணையை எவருக்கு எதிராகவும் அவ்வாறு நிற்பதாகக் கூறுகிறது. இவை ஒன்றுக்கொன்று மாற்றாகப் பயன்படுத்தக்கூடிய அலங்காரச் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் வேறொருவரைக் கட்டுப்படுத்துகிறது.

நிலக்கொடையை நிலையாக்க வேண்டும் என்ற எண்ணம் நம் மண்ணுக்குப் புதியதன்று. கோணேசர் கோயிலின் இறைவனுக்கு 250 வேலி நிலம் கொடுக்கப்பட்டதைக் கூறும் சோழர் காலக் கல்வெட்டு நிலாவெளியில் கிடைத்துள்ளது. அக்காலத் தமிழ்ச் சாசனங்கள் கொடை சந்திர சூரியர் உள்ளவரை செல்லும் என்ற பொருளில் "சந்திராதித்தவற்" என்று எழுதின. கொடையைக் காப்பவரை வாழ்த்தி, அழிப்பவரைச் சபித்தன. இன்றைய உறுதிக்குச் சாபத்தின் துணை இல்லை. அதனிடம் இருப்பவை எழுத்து, சாட்சி, பதிவு என்ற மூன்றே. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, அசையா ஆதனத்தின் நன்கொடை நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட வேண்டும். இந்த முறைமை தவறினால் "மீளப்பெறமுடியாத" என்று பத்து இடத்தில் எழுதியும் பயனில்லை.

அடுத்து, கொடுப்பவருக்கு எந்தச் சட்டம் பொருந்துகிறது என்பதை உறுதி எழுதுமுன்பே தீர்மானிக்க வேண்டும். பல இனத்தவர் அடுத்தடுத்து வாழும் திருகோணமலை மாவட்டத்தில் இது ஏட்டளவிலான கேள்வியன்று. ஒரே சொல் கந்தளாயில் ஒரு குடும்பத்துக்கும் கிண்ணியாவில் இன்னொரு குடும்பத்துக்கும் வெவ்வேறு வேலையைச் செய்யக்கூடும்.

நாட்டின் பொதுச் சட்டமான உரோம-டச்சுச் சட்டத்தின் கீழ், முறையாக ஏற்கப்பட்ட நன்கொடை இயல்பிலேயே மீளப்பெறமுடியாதது. அங்கே இச்சொல் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ள நிலையை வெளிப்படையாக்கி ஐயத்தை நீக்குகிறது. ஆகவே சொல்லை எழுதாமல் விட்டதால் நினைத்தபோது திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு தமிழ்க் குடும்பம் கருதுவது பெருந்தவறு. யாழ்ப்பாணத்து வாசி என்ற நிலையை விடாதவர்களுக்கு யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பொருந்தக்கூடும். அப்படியானால் மனைவி தம் பெயரிலுள்ள அசையா ஆதனத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டியிருக்கும் என்பதால், குடும்பத்தின் பூர்வீகத்தை நொத்தாரிசிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

முஸ்லிம்களின் நன்கொடையில் இச்சொல்லின் எடை முற்றிலும் வேறு. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச்சட்டம், உறுதியில் அவ்வாறு கூறப்பட்டிருந்தாலன்றி எந்த நன்கொடை உறுதியும் மீளப்பெறமுடியாததாகக் கருதப்படலாகாது என்று தெளிவாக விதிக்கிறது. மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒரு வாப்பா தம் மகளுக்குக் காணியை எழுதும்போது இச்சொல் இருப்பதா இல்லையா என்பதே மகளின் உரித்து எவ்வளவு திடமானது என்பதைத் தீர்மானிக்கும். அதே கட்டளைச்சட்டம், உறுதியைப் பெறுபவரிடம் ஒப்படைத்தலை ஆதனத்தின் உடைமையை ஒப்படைத்ததற்குச் சான்றாகவும் ஏற்கிறது. ஆதலால் உறுதியை எழுதி வாப்பாவின் அலுமாரியிலேயே வைத்துக்கொள்ளாமல், மகளின் கையில் கொடுத்து, கொடுத்தமையை உறுதியிலேயே குறிப்பிடுவது முறை. ஒரு நுட்பத்தையும் இங்கே சொல்ல வேண்டும்: கொடுப்பவர் தமக்குச் சீவிய உரித்தை, அதாவது உயிருள்ளவரை ஆதனத்தை அனுபவிக்கும் உரிமையை, ஒதுக்கிக்கொண்டால் அந்த நன்கொடை இவ்விதியிலிருந்து விலகிப் பொதுச் சட்டத்தின் கீழ் சென்றுவிடும். ஒரே உறுதியில் இரண்டு ஏற்பாடுகளையும் கலந்து எழுதுமுன் சட்டத்தரணியிடம் இதனைக் கேட்டே ஆக வேண்டும்.

கண்டிச் சிங்களவரின் வழமைச் சட்டமான கண்டியச் சட்டம் இன்னொரு திசையில் நிற்கிறது. 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்படி, கண்டியச் சட்டத்துக்குட்பட்டவர் தம் நன்கொடையைப் பொதுவாக மீளப்பெறலாம். விகாரைக்குக் கொடுத்தது, தரும நம்பிக்கைப் பொறுப்பாக ஏற்படுத்தியது, திருமணத்தை முன்னிட்டுக் கொடுத்து அத்திருமணம் நடந்தேறியது போன்றவை விலக்கு. மீளப்பெறும் உரிமையைத் துறக்கிறேன் என்ற சொற்களாலோ, கணிசமாக அதே பொருளைத் தரும் சொற்களாலோ வெளிப்படையாகத் துறந்திருந்தால் அந்த நன்கொடையும் மீளப்பெறமுடியாததாகிவிடும். இங்கே வெறும் பெயரடையை நம்பி இராமல், துறப்பு வாசகத்தை முழு வாக்கியமாகவே எழுதுவது பாதுகாப்பானது. தமிழ் வாசகருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். கண்டியக் குடும்பம் ஒன்றின் நன்கொடை வழியாக வந்த காணியை நீங்கள் வாங்கினால், கொடுத்தவர் இன்னும் உயிரோடிருந்தால், அந்த ஒரு வாக்கியம் பழைய உறுதியில் இருக்கிறதா என்பதே உங்கள் பணத்துக்குப் பாதுகாப்பு.

சட்டம் எதுவென்று தெளிந்தபின் ஏற்பைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். பொதுச் சட்டத்தின் கீழ் ஏற்கப்படாத நன்கொடை முழுமை பெறுவதில்லை. ஆகவே அதன் மீளாத் தன்மையும் தொடங்குவதில்லை. பெறுபவர் அதே உறுதியில், அதே நாளில், "இந்நன்கொடையை நன்றியுடன் ஏற்றுக்கொள்கின்றேன்" என்று கையொப்பமிடுவதே சிறந்தது. மகள் கனடாவிலோ பிரான்சிலோ இருந்தால் அவர் சார்பில் ஏற்பதற்கு அதிகாரம் பெற்ற ஒருவர் கையொப்பமிட வேண்டும். பிள்ளை வயதுவராதவராயின், தந்தையே கொடுத்துத் தந்தையே பிள்ளைக்காக ஏற்றுக்கொள்வது பிற்காலத்தில் வாதத்துக்கு இடமளிக்கும் என்பதால், தாய்மாமனோ பாட்டனாரோ ஏற்பாளராக வருவது விவேகம். சாதாரணமாக ஒரு வரியில் முடிந்துவிடும் இந்த ஏற்பு விடுபட்டுப்போன உறுதிகள், கொடுத்தவரின் மரணத்துக்குப்பின் உடன்பிறந்தாரிடையே வழக்காக மாறுகின்றன.

இனி, எழுதும் முறை. பெயரடையைத் தனியே விட்டுவிடாமல், அது எதைக் குறிக்கிறது என்பதை வாக்கியமாக விரித்து எழுதுவதே என் பரிந்துரை. எடுத்துக்காட்டாக இவ்வாறு எழுதலாம்: "மேற்படி அட்டவணையில் விவரிக்கப்பட்ட ஆதனத்தை என் மகள்மீது நான் கொண்டுள்ள அன்பின் நிமித்தம் மீளப்பெறமுடியாத நன்கொடையாக இத்தால் கொடுக்கின்றேன்; இந்நன்கொடையை இரத்துச்செய்வதற்கு அல்லது மீளப்பெறுவதற்கு எனக்கு ஏதேனும் உரிமை இருப்பின் அதனை இத்தால் வெளிப்படையாகத் துறக்கின்றேன்." பெயரடையும் துறப்பும் சேர்ந்து நிற்கும்போது எந்தச் சட்டத்தின் கண்ணாடியூடாகப் பார்த்தாலும் கருத்து மாறாது.

கொடுப்பவர் தம் முதுமைக்கு இடம் வைத்துக்கொள்ள விரும்பினால், சொல்லை நீக்குவது வழியன்று. சீவிய உரித்தை ஒதுக்குவதே வழி. "என் சீவியகாலம் முழுவதும் மேற்படி ஆதனத்தில் வசிப்பதற்கும், அதன் வாடகையையும் விளைவையும் பெறுவதற்குமான சீவிய உரித்தை எனக்கும், எனக்குப்பின் என் கணவருக்கும் ஒதுக்கிக்கொள்கின்றேன்" என்று எழுதினால், காணியின் உரித்து மகளிடம் சென்றாலும் தாயை வீட்டைவிட்டு எழுப்ப எவராலும் முடியாது. மகள் விற்றாலும் வாங்குபவர் அந்தச் சீவிய உரித்துக்கு உட்பட்டே வாங்குவார். கணவர் அல்லது மனைவியின் பெயரை இவ்வாசகத்தில் சேர்க்க மறப்பது அடிக்கடி நேர்கிறது. கொடுத்தவர் முந்தி இறந்தால் மற்றவர் உரிமையின்றி நிற்கிறார். என்னைப் பொறுத்தவரையில், பெற்றோர் தாம் குடியிருக்கும் ஒரே வீட்டைச் சீவிய உரித்து ஒதுக்காமல் மீளப்பெறமுடியாத நன்கொடையாக எழுதவே கூடாது. எந்தப் பிள்ளையையும் ஐயுற்று இதனைச் சொல்லவில்லை. பிள்ளை கடன்பட்டால் கடன்கொடுத்தவரும், பிள்ளை இறந்தால் அவருடைய வாரிசுகளும் அந்த வீட்டுக்கு உரிமை கோரி வருவார்கள். அவர்களில் எவரும் பெற்றோருக்கு வாக்களித்தவர் அல்லர். பராமரிப்பை நிபந்தனையாக்க விரும்பினால், "பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று பொதுப்படையாக விடாமல், எதைச் செய்ய வேண்டும், செய்யத் தவறினால் என்ன நேரும் என்பதையும் எழுத வேண்டும்.

மனம் இன்னும் உறுதிப்படவில்லையெனில் நன்கொடையே வேண்டாம். மரண சாசனம் போதும். மரண சாசனம் எழுதியவர் உயிரோடிருக்கும்வரை மாற்றக்கூடியது, அதற்கு "மீளப்பெறமுடியாத" என்ற அடைமொழி பொருந்தாது. மரண சாசனம் எழுதியபின் திருமணம் செய்துகொண்டால் அந்தச் சாசனம் அற்றுப்போகும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

அரச காணிக்கு வரும்போது வேறு எச்சரிக்கை தேவைப்படுகிறது. கந்தளாய், அல்லைக் குடியேற்றத் திட்டம், முதலிக்குளம் போன்ற பகுதிகளில் பலரிடம் உள்ளவை 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரமோ அளிப்போ ஆகும். இக்காணிகளைப் பிரதேச செயலகத்தின் ஊடாக முன்கூட்டிய சம்மதம் பெறாமல் தனியார் காணி போல நன்கொடை எழுத முடியாது. எழுதினாலும் அச்சொல்லுக்கு உயிர் இல்லை. அங்கே வழி, பின்னுரித்தாளரை, அதாவது உரிமையாளருக்குப்பின் காணியைப் பெறுபவரை, பெயர்குறித்தல். பெயர்குறித்ததை உரிமையாளர் தம் வாழ்நாளில் இரத்துச்செய்து வேறொருவரைக் குறிக்கலாம். பெயர்குறித்தலோ அதன் இரத்தோ உரிமையாளர் இறக்குமுன் பதிவுசெய்யப்பட்டிருந்தாலன்றிச் செல்லுபடியாகாது. ஆகவே "அப்பா எனக்குத்தான் எழுதினார்" என்று ஒரு கடிதத்தைக் காட்டும் பிள்ளை, பதிவு நடந்ததா என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும்.

கையொப்பம் முடிந்தவுடன் பதிவு. இதனைப் பலர் சடங்காகக் கருதுகின்றனர். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச்சட்டத்தின்படி, பதிவுசெய்யப்படாத உறுதி, பின்னர் பெறுமதி கொடுத்து வாங்கி முறையாகப் பதிவுசெய்துகொண்டவருக்கு எதிராக வலிதற்றதாகும். மோசடியோ கூட்டுச்சதியோ இருந்தால் மட்டும் நிலை மாறும். அதாவது, மகளுக்கு மீளப்பெறமுடியாத நன்கொடையாக எழுதிய தந்தை, அந்த உறுதி பதிவாகாமல் இருக்கும் காலத்தில் அதே காணியை நேர்மையான ஒருவருக்கு விற்று, அவர் முந்திப் பதிந்தால், மகள் காணியை இழக்கக்கூடும். திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் உறுதி சரியான பதிவேட்டுப் பக்கத்தில், முந்திய உறுதிகளின் தொடர்ச்சியாக ஏறியதா என்று பார்த்து, அப்பதிவின் பிரதியைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். போரிலும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் மூல உறுதிகளை இழந்த குடும்பங்களுக்குப் பதிவகத்துப் பிரதிகளே கைகொடுத்தன என்பதை இம்மாவட்டத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மீளப்பெறமுடியாதது என்று எழுதியபின்னும் சட்டம் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அதன் பெயர் பெருநன்றிகேடு. இதன் வேர் 6ஆம் நூற்றாண்டில் உரோமச் சக்கரவர்த்தி ஜஸ்டீனியன் தொகுப்பித்த சட்டக்கோவையில் உள்ளது: கொடுத்தவர்மீது கைவைத்தல், அவரைக் கொடிதாக அவமதித்தல், அவருடைய செல்வத்துக்குப் பெருங்கேடு விளைவித்தல், அவருடைய உயிருக்குச் சதி செய்தல், நன்கொடையின் நிபந்தனைகளை நிறைவேற்ற மறுத்தல் என்பன அங்கே காரணங்களாகச் சொல்லப்பட்டுள்ளன. தொலைபேசியில் அழைக்கவில்லை, கோயில் திருவிழாவுக்கு வரவில்லை, மருமகன் மரியாதை காட்டவில்லை என்பன மனத்தை நோகச்செய்தாலும் இந்த அளவை எட்டமாட்டா. முதிய தாயைப் பட்டினி போட்டு வீட்டைவிட்டு விரட்டுவது எட்டக்கூடும். அதனை நீதிமன்றம் சான்றுகளைப் பார்த்தே தீர்மானிக்கும்.

முன்னாளில், மனம் கசந்த பெற்றோர் இன்னொரு நொத்தாரிசிடம் சென்று தாமே இரத்து உறுதி எழுதும் வழக்கம் இருந்தது. அதனால் பெற்ற பிள்ளைக்கு மட்டுமன்றி, அப்பிள்ளையிடம் நம்பி வாங்கியவருக்கும் கேடு விளைந்தது. 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இதனைத் தெளிவுபடுத்தியது: பெருநன்றிகேட்டின் காரணமாக மீளப்பெறமுடியாத நன்கொடை உறுதியை இல்லாதாக்குவது நீதிமன்றக் கட்டளையால் மட்டுமே இயலும். ஆகவே கொடுத்தவர் தாமாக எழுதிய இரத்து உறுதியை எவரேனும் நீட்டினால் அதனை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். வழக்கிட எண்ணுபவர், சட்டம் கால எல்லை விதித்திருப்பதால், சமாதானப் பேச்சிலேயே ஆண்டுகளைக் கழிக்காமல் சட்டத்தரணியை உடனே காண வேண்டும். வைத்தியசாலைப் பதிவு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கிராம அலுவலரிடம் சொன்னதன் குறிப்பு போன்றவற்றை நிகழ்ந்த நாளிலேயே பெற்று வைப்பது பின்னர் பேருதவியாகும். வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கியதும் அதனைக் காணிப் பதிவகத்தில் பதிந்துவிட்டால், இடையில் வாங்குபவர் எவரும் அறியாமல் வாங்கினேன் என்று சொல்ல இயலாது. காணியைத் திரும்பப் பெறுவதைவிடச் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வழி தேடுவதே அவசரமாயின், 60 வயதைக் கடந்தவர்கள் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரி விண்ணப்பிக்கலாம். அதற்கு உறுதியை உடைக்க வேண்டியதில்லை.

இதே பெயரடை, தம் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவப் பத்திரத்திலும் தலைகாட்டும். வெளிநாட்டிலுள்ளவர் நிலாவெளிக் காணியைப் பார்க்க ஒருவருக்குக் கொடுக்கும் சாதாரண தத்துவம், "மீளப்பெறமுடியாதது" என்று எழுதப்பட்டிருந்தாலும் நன்கொடையின் திடத்தைப் பெறாது. கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் முடியும். கடனுக்குப் பாதுகாப்பாகவோ, பெறுபவரின் சொந்த நலனுக்காகவோ கொடுத்த தத்துவத்தில் மட்டுமே அச்சொல்லுக்கு வேலை உண்டு.

நன்கொடை வழியாக வந்த காணியை வாங்குபவர் பழைய உறுதியை முழுமையாக வாசிப்பித்துக் கேட்க வேண்டும். கொடுத்தவருக்குப் பொருந்திய சட்டம் எது, பெறுபவரின் ஏற்புக் கையொப்பம் உள்ளதா, துறப்பு வாசகம் உள்ளதா, சீவிய உரித்து ஒதுக்கப்பட்டவர் இன்னும் இருக்கிறாரா என்பவற்றைப் பார்த்தபின், காணிப் பதிவகத்தில் வழக்குப் பதிவோ ஈட்டுப் பதிவோ ஏறியுள்ளதா என்று தேட வேண்டும். கொடுத்தவர் உயிரோடிருந்தால், அவரையும் விற்பனை உறுதியில் ஒரு தரப்பாகச் சேர்த்து, தமக்கு எஞ்சிய உரிமை எதுவும் இல்லை என்று ஒப்பமிடச் செய்வது வாங்குபவரின் பல கவலைகளைத் தீர்க்கும். உறுதி ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்து, கையொப்பமிடுபவருக்கு அம்மொழி தெரியாவிட்டால், அதனை வாசித்து விளக்கும் கடமை நொத்தாரிசுக்கு உண்டு. தமிழில் விளக்கிச் சொல்லுமாறு சாட்சிகளின் முன்னிலையிலேயே கேளுங்கள், கேட்டு முடியும்வரை பேனாவை எடுக்க வேண்டாம்.